ஒரே ஒரு ஸ்விட்ச் போனால்: நாமே மாற்றுவதா, கடையில் கொடுப்பதா?

தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்பவரின் மெக்கானிக்கல் கீபோர்டில் (கீ ஒவ்வொன்றுக்கும் அடியில் தனி ஸ்விட்ச் உள்ள கீபோர்டு) ஸ்விட்ச் ஒன்று கெட ஆரம்பித்தால், அது முதலில் எழுத்துப்பிழையாகத்தான் வெளியே தெரியும். 'வீடு' என்று அடித்திருப்பீர்கள், 'வீட்டு' என்று விழுந்திருக்கும். 'பாடு' என்பது 'பாட்டு' ஆகியிருக்கும். ட எழுத்து இருப்பது ஆங்கில 'ஓ' கீயில். அந்த ஸ்விட்ச் ஒரு தட்டை இரண்டாகப் பதிந்தால் இரண்டு ட வரும். ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் நடுவில் தானாகப் புள்ளி வைப்பது தமிழ்99-இன் விதி. விழுந்த சொல்லும் சரியான தமிழ்ச் சொல்லாகவே இருப்பதால் மெய்ப்புப் பார்க்கிறவர் கண்ணுக்கும் தப்பிவிடும். ஆடிப் பண்டிகை நோட்டீசும் முகூர்த்த மாதப் பத்திரிகையும் குவிந்து கிடக்கும் சேலத்து டிடிபி சென்டரில் இது சின்ன விஷயமில்லை.

அந்த ஒரு கீக்காக முழுக் கீபோர்டையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆனால் சரிசெய்ய ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. புதிதாக இதில் இறங்குகிறவர் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் தடுமாறுகிறார்.

ஸ்விட்ச் ஒன்றின் விலை ஓட்டலில் ஒரு காபி குடிக்கும் செலவுக்குப் பக்கத்தில்தான் வரும். அது கெட்டால் இன்னொன்று வாங்கலாம். ஸ்விட்சின் காலைப் பிடித்துக்கொண்டிருக்கும் செம்பு வளையத்தை அப்படி வாங்க முடியாது. பிசிபி எனப்படும், மின்தடங்கள் பதித்த உள்பலகையில் துளையைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய தடிமனில் ஒட்டியிருக்கும் அந்த வளையத்தை மெக்கானிக்குகள் 'பேட்' என்பார்கள். அது பெயர்ந்துவிட்டால் ஒட்டுவேலைதான். அதனால் கீழே வரும் ஒவ்வொரு வழியையும், அந்த வளையத்துக்கு என்ன ஆகும் என்ற கேள்வியை வைத்தே எடைபோட்டிருக்கிறோம். பணமும் நேரமும் அதற்கு அடுத்த கணக்கு.

கெட்டது ஸ்விட்ச்தானா?

புது ஸ்விட்சை ஆர்டர் செய்வதற்கு முன்னால் இதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கீபோர்டுக்குள் கீகள் வரிசையும் பத்தியுமாகக் கம்பி இழுத்து இணைக்கப்பட்டிருக்கும். ஒரு வரிசையோ ஒரு பத்தியோ முழுதாகச் செத்துப்போயிருந்தால் குற்றவாளி ஸ்விட்ச் கிடையாது. தடம் அறுந்திருக்கும், அல்லது கன்ட்ரோலர் சிப்பில் கோளாறு. ஸ்பேஸ், என்டர், ஷிப்ட் போன்ற நீளக் கீகள் ஒரு பக்கம் சாய்ந்து மாட்டிக்கொண்டால் அது நீளக் கீயைச் சமமாகத் தாங்கும் ஸ்டெபிலைசர் கம்பி கொக்கியிலிருந்து கழன்றதாக இருக்கலாம். கீகேப்பை (எழுத்து போட்ட தொப்பியை) கழற்றிப் பார்த்தாலே தெரியும்.

ஒரே ஒரு கீ மட்டும் பதியவில்லை, இரட்டையாகப் பதிகிறது, அழுத்தினால் மேலே வர மறுக்கிறது என்றால் ஸ்விட்சைச் சந்தேகிக்கலாம். 5 கோடி, 10 கோடித் தட்டு தாங்கும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள்தான். அது உள்ளே இருக்கும் தகடு சுத்தமாக இருக்கும்வரை உள்ள கணக்கு. தறிக்கூடத்துக்கு மேல்மாடியில் டிசைன் கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்குப் பஞ்சுத் தூசி ஸ்டெம்மின் (கீகேப் மாட்டும் நடுத்தண்டு) ஓரத்தில் போய் அடையும். ஏற்காட்டில் ஜன்னல் ஓரத்தில் வைத்திருந்தால் பனிமூட்டத்தின் ஈரம் தகட்டை மங்க வைக்கும். மங்கிய தகடு ஒரே தொடலில் இணையாமல் விட்டு விட்டு இணையும். இரட்டைப் பதிவு அங்கிருந்துதான் வருகிறது.

உங்கள் பலகை எந்தச் சாதி?

முடிவின் பாதி இங்கேயே அடங்கிவிடுகிறது. ஸ்விட்ச் சாக்கெட்டில் செருகியிருக்கும் பலகைக்கு ஹாட்ஸ்வாப் என்று பெயர். ஈயம் (சால்டர்) வைத்துப் பற்றவைத்த பலகை வேறு. கீகேப்பைக் கழற்றி மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பெட்டியிலும் தயாரிப்பாளரின் பக்கத்திலும் ஹாட்ஸ்வாப் என்று போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஹாட்ஸ்வாப் கீபோர்டென்றால் பெட்டிக்குள் பெரும்பாலும் இரண்டு முனையுள்ள ஒரு உலோக இடுக்கி வந்திருக்கும். அதுதான் ஸ்விட்ச் புல்லர்.

தெரியாத பலகையில் புல்லரை மாட்டி மெதுவாக இழுத்து வரவில்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பற்றவைத்த ஸ்விட்சைப் பலம்கொண்டு இழுத்தால் ஸ்விட்சோடு செம்பு வளையமும் பிய்ந்து வரும். புதியவர்கள் செய்யும் தவறுகளில் திரும்பச் சரிசெய்வதற்கு மிகக் கஷ்டமானது இதுதான்.

ஸ்விட்சின் இனத்தையும் பார்க்க வேண்டும். நடுவில் கூட்டல் குறி வடிவத்தில் ஸ்டெம் இருந்தால் பெரும்பாலும் எம்எக்ஸ் வகை. 1980-களில் ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் கொண்டுவந்த அமைப்பு இது. (சேலத்துக்காரர்களுக்குச் செர்ரி என்றால் செர்ரி ரோடுதான் ஞாபகம் வரும், இது வேறு.) கேட்டரான், கைல், அவுட்டெமு கம்பெனி ஸ்விட்சுகள் எல்லாம் அதே அளவில் வருகின்றன. ஸ்விட்சுகளை மேலே பிடித்திருக்கும் சட்டமான பிளேட்டில் 14 மி.மீ. சதுரத் துளை இருக்கும். ஆப்டிகல் ஸ்விட்சும் காந்த ஸ்விட்சும்கூடப் பெரும்பாலும் கூட்டல் ஸ்டெம்மோடுதான் வரும். ஆனால் அவற்றுக்கு உலோகத் தொடுதகடு கிடையாது, எம்எக்ஸ் ஸ்விட்ச் அங்கே வேலை செய்யாது. தட்டையான லோ புரொஃபைல் கீபோர்டுகளின் ஸ்விட்சும் தனி இனம்.

ஹாட்ஸ்வாப் என்றால் யோசிக்க எதுவும் இல்லை

நீங்களே மாற்றுங்கள். பத்து நிமிட வேலை, கடைக்குப் போக வேண்டியதே இல்லை. புது ஸ்விட்ச் வந்து சேரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஸ்க்ரோல் லாக், பாஸ் (Pause) இரண்டும் யாரும் தொடாத கீகள். அங்கிருக்கும் ஸ்விட்சைப் பிடுங்கிக் கெட்ட இடத்தில் போடுங்கள், கெட்டதை அங்கே வையுங்கள். இதில் பரிசோதனையும் சேர்ந்தே முடிந்துவிடுகிறது. கோளாறு ஸ்விட்சோடு சேர்ந்து இடம் மாறினால் ஸ்விட்ச்தான் கெட்டது. பழைய இடத்திலேயே நின்றால் சாக்கெட்டோ தடமோ கெட்டிருக்கிறது, ஸ்விட்ச் வாங்கிப் பயனில்லை. இன்னொரு லாபமும் உண்டு. உழைத்துப் பழகிய ஸ்விட்சுகளுக்கு நடுவில் புத்தம் புது ஸ்விட்ச் ஒன்று சத்தத்திலும் அழுத்தத்திலும் தனித்துத் தெரியும். அதைப் பாஸ் கீயில் போட்டுவிட்டுப் பழையதை முன்னுக்குக் கொண்டுவந்தால் விரலுக்கு வித்தியாசம் தெரியாது.

யூஎஸ்பி வயரைக் கழற்றிவிட்டு, கீகேப்பைக் கம்பி புல்லரால் நேராக மேலே எடுங்கள். ஸ்விட்ச் புல்லரின் இரு முனையையும் ஸ்விட்சின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் இருக்கும் கொக்கிகளில் பதித்து, அழுத்திப் பிடித்தபடி நேராகத் தூக்க வேண்டும். இடவலமாகப் பிடித்தால் வராது, பிளேட்டில் கீறல்தான் விழும். புது ஸ்விட்சைச் செருகுமுன் அதன் இரண்டு செம்புக் கால்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். ஒன்று சற்று வளைந்திருந்தாலும் துளைக்குள் போகாமல் ஸ்விட்சுக்கு அடியில் மடிந்து படுத்துவிடும். மேலிருந்து பார்த்தால் சரியாக உட்கார்ந்த மாதிரியே தெரியும், கீ மட்டும் வேலை செய்யாது. ட்வீசரால் ஒருமுறை நிமிர்த்தலாம். இரண்டு மூன்று முறை நிமிர்த்தினால் கால் முறிந்துவிடும்.

இங்கே இரண்டு பொறிகள். விலை குறைந்த சில பலகைகளில் அவுட்டெமு பாணிக் குறுகிய குழாய்ச் சாக்கெட் இருக்கும். அவுட்டெமு ஸ்விட்சின் கால் மெல்லியது, அது மட்டும்தான் அதில் போகும். மற்ற கம்பெனி ஸ்விட்சை அழுத்தித் திணித்தால் கால் மடங்கும் அல்லது சாக்கெட் விரியும். இரண்டாவது, கைல் பாணிச் சாக்கெட்டுகள் பலகையின் அடிப்பக்கத்தில் ஈயத்தால் ஒட்டிக்கொண்டிருப்பவை. மேலிருந்து பலமாகக் குத்தினால் சாக்கெட் பெயரும். அடிமூடியைத் திறக்க முடிகிற கீபோர்டென்றால் சாக்கெட்டுக்கு அடியில் விரலை முட்டுக் கொடுத்துக்கொண்டு அழுத்துவது உத்தமம்.

ஸ்விட்சில் 3 பின், 5 பின் என்று இரண்டு வகை விற்கிறார்கள். மின்சாரக் கால் இரண்டிலும் இரண்டுதான். மீதியில் ஒன்று நடுக் குமிழ், 5 பின்னில் கூடுதலாக இருக்கும் இரண்டும் பிளாஸ்டிக் முட்டுக்கால்கள். பலகையில் அவற்றுக்குத் துளை இல்லையென்றால் நகவெட்டியால் அடியோடு வெட்டிவிடலாம். ஒரு குறையும் வராது.

ஈயத்தைத் தொடாமல் எவ்வளவு தூரம் போகலாம்?

பற்றவைத்த பலகை என்று தெரிந்துவிட்டதா? சால்டரிங் அயர்னைத் தேடுவதற்கு முன் வளையத்துக்கு ஆபத்தே இல்லாத மூன்று வழிகளைப் பார்த்துவிடுங்கள்.

முதல் வழி கழுவிப் பார்ப்பது. இரட்டைப் பதிவுக்கும் காபி கொட்டியதால் வந்த ஒட்டலுக்கும் இதில் நல்ல வாய்ப்பு இருக்கிறது. வயரைக் கழற்றி, கீகேப்பை எடுத்துவிட்டு, ஸ்டெம்மை அழுத்திப் பிடித்தபடி சிரிஞ்சால் இரண்டு மூன்று சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஓரமாக விட்டு, ஐம்பது அறுபது முறை தட்டுங்கள். கீபோர்டைக் கவிழ்த்து வடியவிட்டு மறுபடி ஒருமுறை. சர்க்கரை போட்ட காபி என்றால் மூன்று நான்கு சுற்று பிடிக்கும். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும், அதைத்தான் விட்டீர்கள் என்றால் காய ஒரு ராத்திரி கொடுங்கள், ஏற்காட்டு மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாக. துரு நீக்க அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயைத் தொடவே கூடாது. அன்றைக்கு நன்றாக ஓடும், பிறகு அந்த எண்ணெயில் தூசி ஒட்டிப் பிசினாகிவிடும்.

இரண்டாவது, மென்பொருளில் சமாளிப்பது. விண்டோஸில் பவர்டாய்ஸ் என்ற இலவசக் கருவியில் கீயை இடம் மாற்றும் வசதி உண்டு. செத்த கீயின் வேலையைக் கேப்ஸ் லாக்குக்குக் கொடுத்துவிடலாம். அவசர வேலைக்கு நடுவில் ஸ்விட்ச் போனால் இதுதான் கை கொடுக்கும். க்யூஎம்கே மென்பொருள் ஓடும் கீபோர்டில் டிபவுன்ஸ் நேரம் (ஒரு தட்டுக்குப் பின் வரும் அதிர்வைக் கண்டுகொள்ளாமல் விடும் இடைவெளி) வழக்கமாக 5 மில்லிநொடியாக இருக்கும். அதைப் 10 ஆக்கினால் லேசான இரட்டைப் பதிவு அடங்கும். விண்டோஸின் ஃபில்டர் கீஸை மட்டும் தமிழ்99 ஆட்கள் நம்ப வேண்டாம். அது அரை நொடி போன்ற நீண்ட இடைவெளிக்குள் வரும் மறுதட்டை விழுங்குவது. 'பாட்டு' என்று அடிக்க நீங்கள் வேண்டுமென்றே தட்டும் இரண்டாவது ட-வும் காணாமல் போகும். இல்லாத பிழை ஒன்றை வாங்கி வந்த கதையாகிவிடும்.

மூன்றாவது வழியைப் பலர் அறிவதில்லை. கீகேப்பை முரட்டுத்தனமாகப் பிடுங்கி ஸ்டெம்மின் கூட்டல் குறி முறிந்துபோனால், பழுது ஸ்விட்சின் மேல்பாதியில்தான் இருக்கிறது. பற்றவைத்த தொடுதகடு கீழ்ப்பாதியில் பத்திரமாக இருக்கிறது. பிளேட்டில் ஸ்விட்ச் துளையின் பக்கவாட்டில் சின்னச் சின்ன வெட்டுகள் இருந்தாலோ, பிளேட்டே இல்லாத பலகையாக இருந்தாலோ, மேல்மூடியின் கொக்கிகளை மெல்லிய ஊசிமுனைகளால் நெகிழ்த்தி மூடியை மட்டும் கழற்றலாம். உள்ளே ஸ்பிரிங்கும் ஸ்டெம்மும் இருக்கும். அதே கம்பெனி, அதே வகை ஸ்விட்ச் ஒன்றைத் திறந்து அதன் ஸ்டெம்மை இதில் வைத்து மூடினால் முடிந்தது. கழற்றும்போது ஸ்பிரிங் துள்ளி ஓடும், ஒரு துண்டை விரித்துக்கொண்டு செய்யுங்கள். ஸ்டெம்மின் இரு கால்கள் தகட்டைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி வைத்து அழுத்தினால் தகடு வளைந்துவிடும், பிறகு சால்டரிங்தான். வெட்டு இல்லாத பிளேட்டில் இந்த வழி நடக்காது. மூடியின் கொக்கி விரிய இடமிருக்காது, நெம்பினால் உடையும்.

சால்டரிங்: எப்போது கையில் எடுக்கலாம்

ஒரே ஒரு ஸ்விட்ச், இதுவரை அயர்னைப் பிடித்ததே இல்லை, கீபோர்டு தினசரிச் சோறு போடுவது என்றால் இதைத் தவிர்த்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போகச் சொல்வோம். பழைய ரேடியோ, கெட்டுப்போன ரௌட்டர் என்று ஏதாவது ஒரு பலகை வீட்டில் கிடந்து, அதில் இருபது முப்பது காலைக் கழற்றிப் பழகத் தயாராக இருப்பவர் தாராளமாக இறங்கலாம். கற்றுக்கொண்டால் ஆயுசுக்கும் உதவும் கைவேலை. கருவிச் செலவு ஒருமுறைதான்.

சூடு அளவிட்டு வைக்கக்கூடிய அயர்ன் வாங்குங்கள். சாதாரண 25 வாட் அயர்னிலும் வேலை நடக்கும், ஆனால் அதில் சூட்டைக் கட்டுப்படுத்த வழியில்லை, வைத்துக்கொண்டே இருந்தால் முனை காய்ந்துகொண்டே போகும். 60:40 ஈயக் கம்பி 0.8 மி.மீ., உறிஞ்சும் பம்ப் ஒன்று, ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல் விக் ஒரு சுருள், ஈயம் நன்றாக ஒட்ட உதவும் ரோசின் பிளக்ஸ், ட்வீசர், ஆல்கஹால். இவ்வளவுதான் தேவை. கொலுசுப் பட்டறை நிறைந்த ஊர் என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கு வைக்கும் வெண்காரமும் பட்டறைப் பற்றாசும் இந்த வேலைக்கு ஆகாது. வெள்ளிப் பற்றாசுக்குத் தேவையான சூட்டில் பிசிபி கருகிவிடும். பிளம்பிங் கடை அமிலப் பசையும் வேண்டாம், அது செம்பை அரித்துக்கொண்டே இருக்கும்.

வயர்லெஸ் கீபோர்டென்றால் திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. ஸ்க்ரூ ரப்பர் காலுக்கு அடியிலும் ஸ்டிக்கருக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். மூடியின் கொக்கிகளை நெம்ப ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பழைய ஏடிஎம் கார்டு போதும். பிளேட்டும் பிசிபியும் சேர்ந்து ஒரே துண்டாக வரும். எல்லா ஸ்விட்சும் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பதால் அவற்றைப் பிரிக்கப் பார்க்காதீர்கள்.

கவிழ்த்துப் போட்டதும் இடம் வலமாகிவிடும். எண்ணி எண்ணிப் பார்த்தும் பக்கத்து ஸ்விட்சைக் கழற்றிவிடுகிறவர்கள் உண்டு. இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. யூஎஸ்பியை மட்டும் மாட்டி, நோட்பேடைத் திறந்து வைத்துக்கொண்டு, நீங்கள் சந்தேகப்படும் ஸ்விட்சின் இரண்டு ஈயப் புள்ளிகளையும் ட்வீசரால் ஒரு கணம் சேர்த்துத் தொடுங்கள். அந்த எழுத்து திரையில் விழுந்தால் இடம் சரி. ஸ்விட்ச்தான் கெட்டது, தடமும் கன்ட்ரோலரும் நலம் என்பதும் அதிலேயே உறுதியாகிவிடுகிறது. எழுத்து விழவில்லையென்றால் சால்டரிங்கைத் தொடங்கவே வேண்டாம். அந்த இரண்டு புள்ளிகளைத் தவிர வேறெதையும் தொட்டுவிடாதீர்கள். மார்க்கரால் வட்டம் போட்டுவிட்டு யூஎஸ்பியைக் கழற்றுங்கள். கீக்குக் கீ விளக்கு எரியும் பழைய மாடல்களில் எல்இடியின் கால்களும் ஸ்விட்சுக்குள்ளேயே இறங்கி வந்திருக்கும். அப்படியானால் இரண்டு புள்ளிகளுக்குப் பதில் நான்கோ ஆறோ கழற்ற வேண்டும். அதைப் புதியவர் தொட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

தொழிற்சாலையில் வைத்த ஈயம் பெரும்பாலும் காரீயம் (லெட்) கலக்காதது. அது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். உங்கள் 60:40 கம்பி 190-க்குள் உருகிவிடும். அதனால் எடுப்பதற்கு முன் கொஞ்சம் புது ஈயத்தைச் சேர்ப்பதுதான் சூட்சுமம். இரண்டும் கலந்து சீக்கிரம் உருகும், சூடும் பரவும். அயர்னை 350 டிகிரியில் வையுங்கள். ஈரப் பஞ்சில் துடைத்த முனையைக் காலும் வளையமும் சேரும் இடத்தில் சாய்த்து வைத்துக் கம்பியைத் தொட்டால், மங்கலான சாம்பல் மேடு சட்டென்று கண்ணாடி மாதிரி மினுங்கிக் குளம் கட்டும். அந்த மினுங்கலுக்குப் பிறகு ஒரு நொடி பொறுத்து, பம்பின் வாயைக் குளத்தின் மேலேயே வைத்து விசையைத் தட்டுங்கள். மொத்தம் மூன்று நொடிக்கு மேல் முனை அங்கே இருக்கக் கூடாது. துளைக்குள் கால் தனியாக நிற்பது தெரிந்தால் நல்லது. ஒரு பக்கத்தில் ஈயம் ஒட்டிக்கொண்டிருந்தால் திரும்பத் திரும்பச் சுரண்டாதீர்கள். ஆறவிட்டு, பிளக்ஸ் தொட்டு, மறுபடி புது ஈயம் வைத்து மறுபடி உறிஞ்சுங்கள். ஈயம் இல்லாத இடத்தில் வறட்டுச் சூடு வைத்துக்கொண்டே இருந்தால் வளையத்தை ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போகும்.

இரண்டு காலையும் ட்வீசர் நுனியால் அசைத்துப் பாருங்கள். துளைக்குள் டிக் டிக் என்று இடிக்க வேண்டும். இரண்டும் அப்படி அசைந்தால் மட்டுமே ஸ்விட்சின் மேல் கீழ்க் கொக்கிகளை உள்ளே அழுத்தி முன்பக்கமாக எடுங்கள். தயக்கமாக வந்தால் எங்கோ ஈயம் பிடித்திருக்கிறது. இழுக்காதீர்கள், திரும்பிப் போய் உருக்குங்கள். வளையம் பிய்வது எல்லாம் இந்த இடத்தில் காட்டும் அவசரத்தில்தான்.

புது ஸ்விட்சைப் பிளேட்டில் நான்கு பக்கமும் சமமாகப் படியும்வரை அழுத்திவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். தூக்கி நின்றபடி பற்றவைத்தால் கீ சாய்ந்தே இருக்கும். காலையும் வளையத்தையும் சேர்த்து ஒரு நொடி சூடாக்கி, எதிர்ப்பக்கமிருந்து கம்பியைக் கொடுங்கள். சின்னக் கூம்பு மாதிரி நின்றால் சரி. உருண்டையாக நின்றால் காலில் மட்டும்தான் ஒட்டியிருக்கிறது, வளையத்தில் பிடிக்கவில்லை. மூடுவதற்கு முன் கணினியில் மாட்டிப் பாருங்கள். வேலை முடிந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கம்பியில் காரீயம் இருக்கிறது.

வளையம் பெயர்ந்தே விட்டால் கீபோர்டு செத்ததாக அர்த்தம் இல்லை. அந்தத் தடம் பக்கத்து டயோடுக்கோ பக்கத்து ஸ்விட்ச் காலுக்கோதான் போகும். மல்டிமீட்டரால் இடத்தைக் கண்டுபிடித்து மெல்லிய எனாமல் கம்பியால் பாலம் போடலாம். முதல்தடவைக்காரர் இதில் இறங்காமல் கைதேர்ந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

எடுத்த கையோடு துளையில் சாக்கெட் வைத்து ஹாட்ஸ்வாப் ஆக்கிவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கைல் சாக்கெட்டுக்கு அதற்கென்றே அமைத்த பலகை வேண்டும். துளைக்குள் வைக்கும் குட்டிக் குழாய்கள் இருக்கின்றன, ஆனால் ஒரு ஸ்விட்சுக்காக அந்த வேலை தேவையற்றது.

கடையில் கொடுப்பது

பற்றவைத்த பலகை, ஒரு ஸ்விட்ச், புதியவர் என்ற கணக்கில் எங்கள் ஓட்டு இதற்குத்தான். மொபைல் சர்வீஸ் கடைகளில் இதைவிடப் பலமடங்கு நுணுக்கமான புள்ளிகளைத் தினமும் பற்றவைக்கிறார்கள். கால் இரண்டே இரண்டு உள்ள ஸ்விட்ச் அவர்களுக்கு ஐந்து நிமிட வேலை. கூலி கருவிகளின் விலையில் ஒரு பங்குதான் வரும். தயங்குவதற்குக் காரணம், கீபோர்டு ஸ்விட்ச் அவர்களுக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம் என்பது ஒன்றே. அதை நீங்கள்தான் ஈடுகட்ட வேண்டும்.

ஸ்விட்சை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். பெரும்பாலும் ஆன்லைனில் பத்து ஸ்விட்ச் கொண்ட பையாகத்தான் கிடைக்கும். பழைய ஸ்விட்சின் மூடியில் எழுதியிருக்கும் கம்பெனிப் பெயரையும் ஸ்டெம் நிறத்தையும் பார்த்து அதையே வாங்குங்கள். சிவப்பு வழவழப்பாக இறங்கும், பிரவுனில் நடுவில் லேசான தடை, நீலம் க்ளிக் என்று சத்தம் போடும். ஸ்விட்ச் இருக்கும் இடத்தை ட்வீசர் சோதனையால் குறித்து மார்க்கர் போட்டே கொடுங்கள். கழற்றி மூடும் வேலையையும் முடிந்தால் நீங்களே செய்துவிட்டு, பிளேட்டோடு பலகையை மட்டும் கொண்டுபோனால் கொக்கி உடைந்தது யாரால் என்ற பேச்சு வராது.

"அண்ணா, ஹாட் ஏர் வேண்டாம், அயர்னும் பம்பும் போதும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மொபைல் வேலையில் சூடான காற்றடிப்பது வழக்கம். இங்கே அடித்தால் பக்கத்து ஸ்விட்சுகளின் பிளாஸ்டிக் இளகிக் கோணிவிடும். ஒரு ஸ்விட்சுக்குப் போய் ஐந்தைக் கெடுத்துக்கொண்டு வரும் சங்கடம் இதில்தான். வேலையை விட்டுவிட்டு நாளைக்கு வாருங்கள் என்றால், கூட்டம் குறைவான நேரம் கேட்டுக்கொண்டு போய் எதிரிலேயே செய்து வாங்குங்கள்.

சோதித்துப் பார்க்கக் கணினி தேவையில்லை. ஓடிஜி அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனால் உங்கள் போனிலேயே கீபோர்டை மாட்டி நோட்ஸில் தட்டலாம். மாற்றிய கீயை நிதானமாக ஐம்பது முறை தட்டி, விழுந்த எழுத்துகளை எண்ணுங்கள். ஐம்பதுக்கு ஐம்பது வர வேண்டும். 51 வந்தாலும் 49 வந்தாலும் அங்கேயே சொல்லிவிடலாம். ஏற்காட்டிலிருந்து வருகிறவருக்கு இது மிக முக்கியம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபிறகு கோளாறு தெரிந்தால் இன்னொரு நாள் போச்சு.

வாரன்டியும் புதுக் கீபோர்டும்

வாரன்டி இருக்கும்போது மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள், ஹாட்ஸ்வாப் மாற்றம் ஒன்றைத் தவிர. பில்லை எடுத்துக்கொண்டு முதலில் கம்பெனியைக் கேளுங்கள்.

மூன்று நான்கு கீகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கெடத் தொடங்கியிருந்தால் கணக்கு மாறும். ஒவ்வொன்றுக்கும் கடைக்கு நடப்பதைவிட, அடுத்த கீபோர்டை ஹாட்ஸ்வாப்பாக வாங்குவது லாபம். தினம் பல மணி நேரம் தமிழ் அடிக்கிறவர் எதை வாங்கினாலும் ஹாட்ஸ்வாப்பைக் கேட்டு வாங்குவது நல்லது. தமிழ்99-இல் புள்ளி இருக்கும் 'எஃப்' கீயும் க இருக்கும் 'எச்' கீயும் படும் அடி கொஞ்சநஞ்சமில்லை, என்றாவது ஒருநாள் அவை போகத்தான் போகும். எந்தச் சாக்கெட் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அவுட்டெமு மட்டும் ஏற்கும் பலகையென்றால் அப்போதே ஒரு பை அவுட்டெமு ஸ்விட்சையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய பழைய ஸ்விட்சைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். தொடுதகடு மங்கியதால் மாற்றியதென்றால் அதன் ஸ்டெம், ஸ்பிரிங், மேல்மூடி மூன்றும் நல்ல நிலையில்தான் இருக்கும். சின்ன டப்பாவில் போட்டுக் கம்பெனிப் பெயரை எழுதி வைத்தால், அடுத்தமுறை கூட்டல் குறி முறியும்போது கடைக்கும் போக வேண்டாம், பை ஸ்விட்சும் வாங்க வேண்டாம்.